கொள்ளைநோய்க் காலத்தில் பங்கை நடத்துவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

கத்தோலிக்கப் பங்குப் பேரவைக்கோ, பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் பொறுப்புக்கோ இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், ஊரில் தொற்றுநோய் பரவுகிறது என்றால் எல்லாரும் முதலில் பீடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நற்கருணை அப்பத்தை நாவில் வாங்குவதா, கையில் வாங்குவதா என்ற வாக்குவாதத்திலேயே கூட்டம் முடிந்துவிடும். ஆனால் பங்குகளில் கோளாறு நடக்கும் இடங்கள் வேறு: பூசை முடிந்து எல்லாரும் ஒரே வாசலில் நெருங்கும் 5 நிமிடம், பீடச் சிறுவர்கள் அடைந்து நிற்கும் சக்ரீஸ்தி (குருவானவர் பூசைக்கு உடுத்தித் தயாராகும் அறை), சாவு வீடு. இந்தக் கட்டுரையும் அந்த இடங்களில்தான் அதிகம் நிற்கும்.

எந்த நோய் என்று முதலில் கேளுங்கள்

எல்லா நோய்க்கும் முகக்கவசமும் கைகழுவும் திரவமும் மருந்தாகாது. காலரா, வயிற்றுப்போக்கு என்றால் கவனிக்க வேண்டியது அசனச் (ஊர் விருந்து) சமையல், குடிநீர்ப் பானை, கிணறு. டெங்கு என்றால் தீர்த்தத் தொட்டியும் கல்லறைத் தோட்டத்துப் பூச்சாடிகளும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது, முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடியடியில் ஊற்றுங்கள்.

கோவிட் போல மூச்சுக்காற்றால் பரவும் நோய்தான் வழிபாட்டை முற்றாக நிறுத்துகிறது. இனி வருவதெல்லாம் அதற்கானது.

யார் சொல்வதைக் கேட்பது

இரண்டு ஆணைகள் வரும்: அரசுடையது, மறைமாவட்டத் தலைவரான ஆயருடையது. இரண்டில் எது கடுமையோ அதுதான் பங்குக்குப் பொருந்தும். 2020 ஜூன் 4 அன்று மத்தியச் சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்கான நெறிமுறையை வெளியிட்டது, ஜூன் 8 முதல் திறக்கலாம் என்றது. ஆனால் தமிழகத்தில் எல்லாக் கோயில்களும் திறந்தது செப்டம்பர் 1 அன்றுதான். நடுவில், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்து கோயில் கதவைத் தட்டியவர்கள் நிறைய. அரசாணையின் நகலும் ஆயரின் சுற்றறிக்கையும் அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தால் பாதிச் சண்டை தீரும்.

ஞாயிறு பூசை கடன் ஆயிற்றே, வராமலிருந்தால் பாவமா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். தெளிவாகச் சொல்லுங்கள்: கனமான காரணத்தால் வர முடியாதபோது கடன் இல்லை. அப்போது வீட்டில் குடும்பமாகச் செபிப்பதைத் திருச்சபைச் சட்டம் 1248 பரிந்துரைக்கிறது. அதற்கு மேல், மறைமாவட்டம் முழுவதற்கும் விலக்கு அளிக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு. 2021 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை தமிழகத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மக்களுக்குக் கோயில் மூடப்பட்டிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் செவ்வாயும் வியாழனும் அன்பியவாரியாகக் கூட்டலாம். ஞாயிறுக்கு ஈடு கட்டுகிறோம் என்று யாரும் குற்றவுணர்வோடு வர வேண்டியதில்லை.

குடும்பப் பட்டியல்

நோய் வருமுன்பே இருக்க வேண்டியது இது; இல்லையென்றால் முதல் வாரமே தயார்செய்யுங்கள். பங்குக் குடும்ப அட்டை பழையதாக இருக்கும், அதை நம்பாதீர்கள். அன்பியம் ஒன்றுக்கு ஒரு நோட்டு. வீட்டு எண், ஆட்கள், 65 வயதுக்கு மேற்பட்டவர், தனியாக இருப்பவர், கர்ப்பிணி, சிறுநீரக நோயாளி, நற்கருணை வீட்டுக்கு வாங்குபவர், பேசக்கூடிய ஒரு கைபேசி எண். கடைசியில் ஒரு கட்டம் கட்டாயம்: ஸ்மார்ட்போன் இருக்கிறதா, பட்டன் போனா, ஒன்றுமே இல்லையா. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டோம் என்று பொறுப்பாளர் சொல்லும்போது, அந்தக் கட்டம்தான் யாருக்குச் செய்தி போகவில்லை என்று காட்டும். நோட்டு பொறுப்பாளர் வீட்டில் பூட்டியிருக்கட்டும். யாருக்கு நோய் என்ற தகவல் தெருவுக்குப் போனால், அடுத்த நோயாளி உங்களிடம் வாய் திறக்க மாட்டார்.

இடக் கணக்கு

60 அடி நீளம், 30 அடி அகலமுள்ள மக்கள் கூடத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பளவு 1800 சதுர அடி, ஆளுக்கு 36 சதுர அடி, ஆக 50 பேர் என்று வகுத்துவிடுவது வழக்கமான தவறு. நடைவழியை அது கணக்கில் எடுப்பதில்லை. குடும்பத்தையும் தேவையில்லாமல் பிரிக்கிறது. ஒரே வீட்டில் தூங்கி எழுந்தவர்களைக் கோயிலில் 6 அடி தள்ளி உட்காரவைத்து என்ன பயன்?

பாயைக் கொண்டு கணக்கிடுங்கள். 6 அடி அகலம், 4 அடி ஆழத்தில் ஒரு பாய், ஒரு குடும்பம். குறுக்கே 3 பாய், நடுவே 6 அடியில் இரண்டு இடைவெளி: 30 அடி சரியாக முடிந்தது, அந்த இடைவெளிகளே நடைவழி. நீளவாக்கில் 4 அடி பாய், 6 அடி இடைவெளி என்று 6 வரிசை போகும். மொத்தம் 18 பாய். நால்வர் குடும்பமாக வந்தால் 72 பேர். மூன்று பாயைத் தனியாக வருபவர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் ஒதுக்கினால் பங்குக் குடும்பங்களுக்கு மிஞ்சுவது 15 பாய்.

இப்போது 300 குடும்பமுள்ள பங்குக்கு வாருங்கள். சனி மாலை ஒன்று, ஞாயிறு மூன்று, ஆக நான்கு பூசை. ஒரே குருவானவர் ஞாயிறன்று மூன்று பூசைக்கு மேல் வைக்கக் கூடாது, அந்த மூன்றுக்கும் ஆயரின் அனுமதி வேண்டும். 15 பெருக்கல் 4, வாரத்துக்கு 60 குடும்பம். ஒரு குடும்பத்தின் முறை வர ஐந்து வாரம்! முற்றத்தில் பக்கச் சுவரில்லாத பந்தல் போட்டு 40 பாய் சேர்த்தால் வாரத்துக்கு 220 குடும்பம். ஒன்றரை வாரத்தில் சுற்று முடிந்துவிடும். திறந்தவெளியில் காற்றும் நோயைக் கலைக்கும். ஆகவே பணம் செலவழிக்க ஒரே ஒரு வாய்ப்பு இருந்தால் வெப்பமானியிலோ கிருமிநாசினிச் சுரங்கத்திலோ போடாதீர்கள், பந்தலில் போடுங்கள். காலை 6:30 பூசைக்கும் மாலைப் பூசைக்கும் பீடம் வெளியில், வெயில் ஏறும் நேரத்துப் பூசைக்கு உள்ளே.

உள்ளே வைக்கும்போது எல்லா சன்னலையும் கதவையும் திறக்க வேண்டும். நின்று சுழலும் மின்விசிறியைக் கூட்டத்தைப் பார்த்து வைத்தால் ஒருவர் மூச்சு பத்துப் பேர் மேல் போகும். சன்னலுக்கு முன் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள்.

வாசல்

உள்ளே வர ஒரு வாசல், வெளியேற வேறு வாசல். பூசை முடிந்ததும் குருவானவர் அனுப்புதல் கொடுத்துவிட்டு அமைதியாக நிற்க, பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக எழுந்து போக வேண்டும். முன்வரிசை முதலில் எழுந்தால் எல்லாரையும் உரசிக்கொண்டுதான் போகும். இதற்கு உரத்த குரலுள்ள ஒரு ஆள் போதும். அடுத்த பூசைக்கு வருபவர்களும் முந்தைய பூசை முடிந்து போகிறவர்களும் முற்றத்தில் சந்தித்து நலம் விசாரிக்கத் தொடங்கினால் உள்ளே கட்டிய கட்டுப்பாடெல்லாம் வீண். இரண்டு பூசைக்கு நடுவே குறைந்தது 45 நிமிடம் விடுங்கள்.

வருகைப் பதிவேட்டைத் தன்னார்வலர் ஒருவரே எழுதட்டும், பேனா கைமாற வேண்டாம். மாதம் ஒன்று கழிந்ததும் தாளைக் கிழித்து எரித்துவிடலாம்.

பாட்டு

பாடகற்குழுவிடம் சொல்லக் கடினமான செய்தி இது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகற்குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை நடத்தியது. வந்தது 61 பேர், நோய் கண்டது 53 பேருக்கு, இருவர் இறந்தனர். கைகொடுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை; மூடிய அறையில் பாடினார்கள், நாற்காலி மடக்கினார்கள், இடைவேளையில் பலகாரம் தின்றார்கள். எனவே ஒருவர் ஆர்மோனியத்தில், ஒருவர் ஒலிவாங்கியில், போதும். பதிலுரைப் பாடலை மக்கள் வாய்க்குள் சொல்லட்டும். ஒலிவாங்கியை வாசகரும் பாடகரும் மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆளுக்கு ஒரு துணியுறை.

பீடமும் சக்ரீஸ்தியும்

பீடச் சிறுவர் ஒருவர் அல்லது இருவர், அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் நல்லது. சக்ரீஸ்தியில் கோயில்பிள்ளையும் (கோயில் பணியாளர்) குருவானவரும் தவிர யாரும் வேண்டாம். பூசைக் கருத்து (யாருக்காகப் பூசை என்பது) எழுதிக் கொடுக்க வருபவர்களை வெளித்திண்ணையிலேயே நிறுத்துங்கள்.

மக்களுக்கான அப்பம் உள்ள கலம் பூசை முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஒப்புக்கொடுக்கும்போதும் அப்பத்தைத் திருவுடலாக்கும் செபத்தின்போதும் குருவானவர் தன் பெரிய அப்பத்தை மட்டும் முன்னால் வைத்துப் பேசுவார். காணிக்கைப் பவனி இல்லை. சமாதானம் பகிர்தல் கும்பிட்டு முடியும், நமக்கு அது புதிதல்ல. கூட்டுத்திருப்பலி என்றால் ஒரே கிண்ணத்தில் எல்லாரும் அருந்துவதில்லை. மற்ற குருக்கள் அப்பத்தை இரசத்தில் தோய்த்து உட்கொள்ள, தலைமைக் குரு கடைசியில் பருகுவார்.

கிருமிநாசினியில் இரண்டு ஆபத்து. ஆல்கஹால் எரியும். கையில் தடவிய ஈரத்தோடு மெழுகுதிரி ஏற்றினால் கை பற்றிக்கொள்ளும்; புட்டியைத் திரித்தட்டு அருகே வைக்காதீர்கள். அடுத்தது பிளீச்சிங். பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளி, பொன்முலாம் பூசிய கிண்ணம் இவற்றின் மேல் பட்டால் அரித்துவிடும். கிண்ணத்துக்கு முதலில் முறைப்படி நீர் ஊற்றிக் கழுவி அந்த நீரைக் குருவானவர் அருந்திய பிறகு, சோப்பும் வெந்நீரும். தரைக்கும் கைப்பிடிக்கும் மட்டும் பிளீச்சிங்: 30 சதவீதக் குளோரின் உள்ள பொடி என்றால் 1 லிட்டர் நீருக்கு 33 கிராம், அது 1 சதவீதக் கரைசல். முதலில் சோப்பு நீரால் அழுக்கு போகத் துடைத்து, பிறகு கரைசல் தடவி 10 நிமிடம் விட்டு நல்ல நீரில் துடையுங்கள். அன்றன்று கரைத்தது அன்றைக்கே. கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் புகை வரும், அறையில் நிற்க முடியாது.

நற்கருணை வழங்குதல்

1. குருவானவர் தாம் உட்கொண்டதும் முகக்கவசம் அணிந்து, கையில் திரவம் தடவி, கை முழுதும் காயும்வரை நிற்க வேண்டும். ஈரக்கையில் அப்பம் ஒட்டித் துணுக்கு உதிரும்.

2. மக்கள் தங்கள் பாயிலேயே கை சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். பீடத்தடியில் புட்டி வைத்தால் ஈரக்கை நீட்டுவார்கள்.

3. "கிறிஸ்துவின் திருவுடல்", "ஆமென்": இரண்டும் முகக்கவசத்தோடு.

4. இடக்கை மேலே, வலக்கை கீழே. வாங்கியவர் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து, முகக்கவசத்தைத் தாழ்த்தி, அங்கேயே உட்கொண்ட பிறகே திரும்ப வேண்டும். பாய்க்குப் போய் உட்கொள்ள விடாதீர்கள். கையில் வைத்துக்கொண்டு நடந்தால் விழும், சில சமயம் வீட்டுக்கும் போகும்.

5. வாங்குபவரின் கை பட்டுவிட்டால் குருவானவர் கலத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு மறுபடி கை சுத்தம் செய்வார். அந்த அரை நிமிடத்தில் வரிசை அசையாமல் நிற்கும்படி தன்னார்வலர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாவில் வாங்குவது பற்றி ஆயர் சொன்னதே முடிவு. அனுமதித்திருந்தால் அப்படி வாங்குபவர்களைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். விழுந்த அப்பத்தையும் நோயாளி உமிழ்ந்ததையும் ஒரு கிண்ண நீரில் இட்டு, முழுதும் கரைந்து உருவிழந்த பிறகு யாரும் மிதிக்காத மண்ணில் ஊற்ற வேண்டும்.

ஒப்புரவு

பாவசங்கீர்த்தனம் கூண்டுக்குள் வேண்டாம். வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி, எதிரெதிரே அல்ல, ஒன்றுக்கொன்று பக்கவாட்டில். 6 அடி தள்ளி உட்கார்ந்தால் குரல் உயரும், அதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. காத்திருப்பவர்களை 25 அடிக்கு அப்பால் நிறுத்தி, அவர்கள் பக்கம் ஒலிபெருக்கியில் மெல்லிய பாட்டுப் போடுங்கள். காது கேளாத பெரியவர் எழுதிக் காட்டலாம். தாளை அவரே எடுத்துப் போய் எரிக்கட்டும்.

தொலைபேசியில் பாவசங்கீர்த்தனம் செல்லாது. குருவை அடையவே முடியாதவர்களுக்கு வழி உண்டு: கடவுள் மேலுள்ள அன்பினால் எழும் உத்தம மனத்துயரும், வாய்ப்புக் கிடைத்ததும் ஒப்புரவு பெறுவேன் என்ற உறுதியும் இருந்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படுகிறது. 2020 மார்ச்சில் உரோமை (வத்திக்கான்) இதை நினைவூட்டியது. தனிமையில் இருப்பவருக்குப் போனில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நோயாளிகள், அவசரத் திருமுழுக்கு

நோயில்பூசுதல் அருளடையாளத்துக்கான எண்ணெய்ச் சிமிழை நோயாளி அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒருவருக்குத் தேவையான அளவை ஒரு பஞ்சில் நனைத்துச் சிறு டப்பியில் எடுத்துப் போக வேண்டும். குரு தம் கையால் பூசுவதே முறை. கனமான காரணமிருந்தால் கருவி பயன்படுத்தலாம் என்று திருச்சபைச் சட்டம் 1000 சொல்கிறது. பஞ்சுக்குச்சி அதற்குப் போதும். நெற்றியிலும் கைகளிலும் பூசுவது வழக்கம், நெருக்கடியில் நெற்றி மட்டும். முடிந்ததும் பஞ்சையும் குச்சியையும் எரித்துவிட வேண்டும். செவிலியர் பூசினால் அது அருளடையாளமாகாது, நல்லெண்ணத்தில் யாரும் அப்படிச் செய்துவிடாமல் பாருங்கள்.

வார்டுக்குள் குருவை விடவில்லை என்றால்? நோயாளியின் கையில் சிறு பாடுபட்ட சுரூபம் (இயேசுவின் உருவம் உள்ள சிலுவை) ஒன்றைச் சேர்ப்பியுங்கள். வாழ்நாளில் செபிக்கும் வழக்கம் உள்ளவர் மனத்துயரோடு இறக்கும்போது குரு இல்லாமலே திருச்சபை முழுப் பலனை (பாவத்துக்கான தண்டனை முழுவதன் நீக்கத்தை) அளிக்கிறது. அதைக் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். பூசுதல் இல்லாமல் போனாரே என்ற ஏக்கம் வருடக்கணக்கில் தின்னும்.

திருமுழுக்கு வேறு. சாகும் தறுவாயில் யாரும் கொடுக்கலாம், கிறிஸ்தவரல்லாத செவிலியரும்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால். தலைமேல் தண்ணீர் ஓட ஓட: "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்." "நான்" என்பதே சரி. "நாங்கள்" என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று 2020 ஆகஸ்டில் உரோமை அறிவித்தது. நேரம், பெயர், கொடுத்தவர், சாட்சி ஆகியவற்றை அன்றே பங்கு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

அடக்கம்

உடலைக் குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, கட்டிப்பிடித்து அழுவது கூடாது. தொடாமல் செபம் சொல்லலாம், தீர்த்தம் தெளிக்கலாம், உடலைச் சுற்றிய பையின் முகப்பைப் பணியாளர் திறந்து ஒருமுறை முகம் காட்டலாம். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் இப்படித்தான் சொன்னது. இரண்டாவது பாதியை யாரும் படிக்காததால் பல வீடுகள் முகம் பாராமலே புதைத்தன. அந்தத் தாளின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

அடக்கக் குழுவில் ஆறு பேர்: கயிறு பிடிக்க நால்வர், மண் தள்ளவும் எடுத்துக் கொடுக்கவும் இருவர். ஐம்பதுக்குக் கீழ் வயது, நீரிழிவு இல்லாதவர்கள். ஆபத்து குழியருகே அல்ல, பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது. கையுறை முதலில், கை கழுவு. பிறகு அங்கி உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, கை கழுவு. முகக்கவசம் கடைசியில், கயிற்றைப் பிடித்து. கழற்றுவதை ஒருவர் தள்ளி நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். களைத்த மனுசன் முதலில் முகக்கவசத்தைத்தான் பிடுங்குவான்.

2020 ஏப்ரலில் சென்னையில் நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் அடக்கம் கும்பலால் தடுக்கப்பட்டது. அதன் பிறகே தமிழக அரசு இப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. உடல் வருமுன்பே உள்ளாட்சி அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள், கல்லறையை ஒட்டிய வீடுகளுக்கும் நேரில் போய்ப் பேசுங்கள். தகனம் செய்ய நேர்ந்தால் தயங்க வேண்டாம். 1963 முதல் திருச்சபை அனுமதிக்கிறது. சாம்பலை ஆற்றில் கரைக்கக் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது, கல்லறையில் அடக்க வேண்டும்.

திருவிழாவும் தவக்காலமும்

சாம்பல் புதனன்று குருவானவர் வாசகத்தை எல்லாருக்குமாக ஒருமுறை சொல்லிவிட்டு, பேசாமல் உச்சந்தலையில் சாம்பலைத் தூவுவார். 2021-இல் வந்த முறை இது. பெரிய வியாழன் பாதம் கழுவுதல் விடப்படலாம். புனித வெள்ளியில் சிலுவையைக் குரு மட்டும் முத்தமிடுவார், மக்கள் இருந்த இடத்திலிருந்து தலைவணங்குவார்கள். பாஸ்கா எனும் உயிர்ப்பு விழாவை மட்டும் தள்ளிப்போட முடியாது.

தேர்பவனிக்குப் பதில் சுரூபத்தைச் சிறு வண்டியில் தெருத்தெருவாக எடுத்துப் போகலாம், மக்கள் தத்தம் வாசலில் திரி ஏற்றி நிற்கட்டும். 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் பிடித்தபோது பேராயர் சார்லஸ் பொரோமியோ நாற்சந்திகளில் பீடம் அமைத்து, அடைபட்டவர்கள் சன்னலிலிருந்தே பூசை காணச் செய்தார். ஆனால் பேண்டு வாத்தியம் கூடவே கூடாது. சத்தம் கேட்டால் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிவரும், தெரு திரண்டுவிடும். அசனத்தைப் பச்சரிசியும் பருப்புமாகப் பொட்டலம் கட்டி வீடு சேர்ப்பதே நல்லது.

கைபேசிப் பூசையும் காணிக்கையும்

மாதா தொலைக்காட்சியில் அழகான பூசை வரும். இருந்தாலும் படம் ஆடினாலும் தங்கள் பங்குச் சாமியாரின் குரலைத்தான் மக்கள் கேட்க விரும்புவார்கள். கைபேசியை முக்காலியில் படுக்கைவாக்கில் வைத்து, ஒலியை ஒலிபெருக்கிக் கலவையிலிருந்து கம்பி வழியாக எடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பொறுப்பார்கள், குரல் கேட்காவிட்டால் அணைத்துவிடுவார்கள். திரைமுன் அப்பமும் இரசமும் வைப்பதால் அவை திருவுடலாகா என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள், சிலர் வைப்பார்கள். போன் இல்லாத தெருக்களுக்குக் கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாயில் நற்செய்தியும் மன்றாட்டும் மட்டும்.

காணிக்கைப் பையைக் கைமாற்றாமல் வெளிவாசலில் பெட்டி. கியூஆர் அட்டை பங்கின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், தனிநபர் எண்ணுக்கு அல்ல. வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபாருங்கள், மேலே வேறு அட்டையை ஒட்டிவிடும் திருடர்கள் உண்டு.

கோயில் திறந்த பிறகு

பழைய அன்பிய நோட்டை எடுத்து, மூன்று மாதம் ஆகியும் வராத வீடுகளை வட்டமிடுங்கள். போனில் கேட்காமல் நேரில் போங்கள். சிலர் பயத்தில், சிலர் வேலை போய்க் காணிக்கை போட முடியாத வெட்கத்தில், சிலர் அடக்கத்தன்று பங்கிலிருந்து யாரும் வரவில்லை என்ற கோபத்தில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு நாள் குறித்து, ஆளில்லாமல் புதைத்த எல்லாருக்கும் நினைவுத் திருப்பலி வையுங்கள். பெயர்களை இறப்புப் பதிவேட்டிலிருந்து எழுதி, பூசைக்கு ஒரு வாரம் முன்பே அந்தந்த வீட்டில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் இருக்கும், ஊர் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் வாசியுங்கள்.